காதுக்குள் ஏறும் சர்க்கரை

சர்க்கரை நோய்க்கான ஆண்டுப் பரிசோதனையில் பார்க்க அழகானது இசைக்கவைச் சோதனைதான். நொடிக்கு 128 முறை அதிரும் கவையை மருத்துவர் உள்ளங்கை ஓரத்தில் தட்டி, அதன் அடியை நோயாளியின் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார். "அதிருதாங்கய்யா? நின்னதும் சொல்லுங்க." நோயாளி "நின்னுடுச்சு" என்று சொன்ன பிறகும் மருத்துவரின் விரலுக்கு அதிர்வு தெரிந்தபடி இருந்தால், பாத நரம்பு பழுதாக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஈசிஜி எடுப்பார்கள். கவை மறுபடி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒலி எழுப்பவே உருவான ஒரு கருவி காலைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது; காதுப் பக்கம் போவதே இல்லை. காதைச் சோதிக்க 512 முறை அதிரும் கவை ஒன்று உண்டு. அது காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறையில் இருக்கும். இரண்டு கவைகளும் ஒரே அறையில் சந்தித்துக்கொள்வது அபூர்வம்.

இந்தப் பேச்சைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த 'இன்டியாப்' ஆய்வின் நாடு தழுவிய முடிவுகள் 2023 ஜூனில் வெளிவந்தன. 1,13,043 பேரைச் சோதித்துக் கணக்கிட்டதில் இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது 11.4 சதவீதம். தமிழ்நாட்டுக்கு 14.4 சதவீதம். புதுச்சேரிக்கு 26.3 சதவீதம், நாலு பேரில் ஒருவர். மஞ்சக்குப்பத்திலிருந்து வடக்கே தென்பெண்ணையைத் தாண்டினால் வருவது புதுச்சேரி எல்லை. ஆய்வு மாநில வாரியாகத்தான் எண் தருகிறது, மாவட்ட வாரியாக அல்ல. ஆனால் கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும், சாப்பிடுவதிலும், ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் நிற்பதிலும் எல்லையைப் பார்ப்பதில்லை. அந்த 26-ஐ அண்டை வீட்டு எண் என்று ஒதுக்கிவிட முடியாது.

கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது. பழியை அதன் மேல் போட்டுவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால் அது வேடிக்கைப் பேச்சு. ரத்தத்தில் ஏறுவது குளுக்கோஸ். அது கரும்பைத் தொடாமலே பொன்னி அரிசிச் சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் தாராளமாக வரும்.

தமிழ்நாட்டுக்குச் சர்க்கரை மருத்துவத்தில் நீண்ட பாரம்பரியம் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இலேயே டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அவர் மகன் டாக்டர் வி. மோகனும் பேத்தி டாக்டர் ஆர்.எம். அஞ்சனாவும்தான் இன்டியாப் ஆய்வை நடத்தியவர்களில் முதன்மையானவர்கள். மூன்று தலைமுறை. கண்ணுக்கு முகாம், காலுக்குப் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் என்று வளர்ந்த மாநிலம் இது. காது மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? காது கெடும் விதமே ஆளை ஏமாற்றும். ஒரு வீட்டில் கேட்கக்கூடிய பேச்சு இது:

"மாமா, பால்காரருக்குக் காசு குடுக்கணும்."

"காதுக்கு என்னா இப்போ? நல்லாத்தான இருக்குது."

மருமகள் சிரிப்பாள், மாமா கோபப்படுவார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. 'காசு', 'காது' இரண்டிலும் உயிரோசைகள் ஒன்றே. அவை தாழ்ந்த சுருதியில், கனமாக வரும். மாமாவின் காதுக்கு அவை பழுதில்லாமல் எட்டிவிட்டன. நடுவில் வரும் 'சு'வின் சீறல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெலிதாக இருக்கும். சர்க்கரையும் வயதும் முதலில் தின்பது அந்த உச்சப் பகுதியைத்தான். எனவே பேச்சு 'கேட்கிறது', ஆனால் 'புரிவதில்லை'. "சத்தமாப் பேசாத, தெளிவாப் பேசு" என்று பெரியவர் சொன்னால் அது வீம்பு அல்ல. தன் காதைப் பற்றி அவர் தரும் மிகத் துல்லியமான மருத்துவ அறிக்கை.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தன்று கீழ வீதியில் நிற்கும் அதே ஆளிடம் கேட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் நெஞ்சில் வந்து மோதும். கோயில் கண்டாமணியும் தெரியும். பக்கத்தில் ஒருவர் தட்டும் ஜால்ராவின் கிணுகிணுப்பு மங்கியிருக்கும். அது மங்கியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது, ஏனென்றால் பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு துளியாகப் போனது. "எனக்கு மேளம் கேட்குதே, அப்புறம் என்ன காது மந்தம்?" என்பார். உண்மையைத்தான் சொல்கிறார். வீட்டில் டிவி ஒலி மட்டும் கூடிக்கொண்டே போகும். குடும்பம் அதற்கு 'வயசாயிடுச்சு' என்று பெயர் வைத்துவிடும், அத்தோடு விசாரணை முடிந்தது.

சர்க்கரைக்கும் காதுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் பழையது. 1857-இலேயே ஜோர்டாவ் என்ற மருத்துவர், நீரிழிவு மயக்கத்தை நெருங்கிய ஒரு நோயாளிக்குக் காது மந்தமானதைப் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் 'ஆமாம்', 'இல்லை' என்று சிறுசிறு ஆய்வுகள் சண்டை போட்டன. சண்டைக்கு நியாயம் உண்டு: சர்க்கரை நோயும் வயதோடு வருகிறது, காது மந்தமும் வயதோடு வருகிறது. இரண்டும் ஒரே பேருந்தில் ஏறியதால் உறவு என்று சொல்லிவிட முடியுமா?

2008-இல் அமெரிக்காவில் கேத்லீன் பெயின்பிரிட்ஜ் குழு வெளியிட்ட கணக்கு அந்தச் சண்டையைப் பெருமளவு தீர்த்தது. 20 முதல் 69 வயது வரை 5,140 பேருக்கு, கேள்வி கேட்டு அல்ல, கருவி வைத்தே கேள்திறன் அளந்தார்கள். தாழ்ந்த, நடுத்தரச் சுருதிகளில் குறைபாடு சர்க்கரை உள்ளவர்களில் 21.3 சதவீதம் பேருக்கு, இல்லாதவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு. உச்சச் சுருதியில் 54.1-க்கு 32. வயது, இரைச்சலான வேலை, புகை என்று மற்ற காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்காகவே நின்றது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே இரு மடங்கு, 2.15. அதில் ஒரு நுணுக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 60 வயதுக்குட்பட்டவர்களில் வித்தியாசம் 2.61 மடங்கு, 60-ஐத் தாண்டியவர்களில் 1.58 மட்டும். எழுபதில் எல்லோருக்கும் காது குறைகிறது, அந்தக் கூட்டத்தில் சர்க்கரையின் கைவரிசை மறைந்துபோகிறது. நாற்பத்தைந்தில் அது தனியாகத் தெரிகிறது. 'வயசு' என்ற விளக்கம் செல்லாத இடம் அதுதான். நம் ஊரில் சர்க்கரை நோய் வருவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

எதிர்ச்சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதிலேயே வரும் முதல் வகை நீரிழிவுக்காரர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 2018-இல் வெளியான முடிவின்படி, நோயாளிகளுக்கும் அவர்களுடைய நோயில்லாத துணைவர்களுக்கும் இடையே காது மந்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளுக்குள்ளேயே, யாருடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை பல ஆண்டுகளாக அதிகமாக இருந்ததோ அவர்களுடைய காது அதிகம் கெட்டிருந்தது. நோயின் பெயரைவிட, சர்க்கரையின் அளவும் அது நீடித்த காலமும்தான் கணக்கு என்று இதை நான் வாசிக்கிறேன்.

சரி, சர்க்கரை காதுக்குள் என்ன செய்கிறது?

உட்காதில் நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட எலும்புக் குழாய் இருக்கிறது, காக்ளியா. நீட்டிப் போட்டால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் 15,000 அளவுக்கு மயிரிழைச் செல்கள். அவற்றில் 12,000 வெளிவரிசை, மீதி உள்வரிசை. வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கேற்பத் தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய ஓசையைப் பெரிதாக்கித் தருகின்றன. உள்வரிசை அதை மூளைக்கு அனுப்புகிறது. இவற்றில் ஒன்று செத்தாலும் மனித உடல் மாற்று முளைக்க வைப்பதில்லை. நுழைவாசலை ஒட்டிய அடிச்சுற்று உச்சச் சுருதிக்கு. உள்ளே உச்சிச்சுற்று தாழ்ந்த சுருதிக்கு.

இந்தச் செல்கள் வேலை செய்ய, அவற்றைச் சுற்றியுள்ள திரவத்தில் பொட்டாசியம் நிறைந்திருக்க வேண்டும். அந்தத் திரவம் 80 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னேற்றத்தோடு நிற்க வேண்டும். அந்த அழுத்தத்தை இரவும் பகலும் தாங்கிப் பிடிப்பது காக்ளியாவின் பக்கச் சுவரில் உள்ள ஒரு பட்டை. பெயரிலேயே ரத்தநாளத்தை வைத்திருக்கும் 'ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ்'. நுண்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிய திசு அது. தூங்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. அதற்கு ரத்தம் கொண்டுவருவது மூளையின் அடியிலிருந்து வரும் ஒற்றை மெல்லிய தமனி. மாற்று வழி கிடையாது.

காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீராணத்திலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் நிற்கலாம், மேல்மடை வயல் பச்சையாக இருக்கலாம். வாய்க்காலில் தூர் சேர்ந்தால் முதலில் காய்வது கடைமடை. காக்ளியா உடம்பின் கடைமடை. ஆண்டுக்கணக்கில் மிதக்கும் அதிகச் சர்க்கரை நுண்குழாய்ச் சுவர்களின் புரதங்களில் ஒட்டி, சுவரைத் தடிக்கச் செய்து, உள்வாயைக் குறுக்குகிறது. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நடப்பது இதேதான். விழித்திரையைக் கருவி வைத்துக் கண்ணால் பார்க்க முடிகிறது; சிறுநீரகத்தின் பழுது சிறுநீரில் கசியும் புரதத்தில் தெரிகிறது. காக்ளியாவோ உடலிலேயே கடினமான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. உயிரோடிருக்கும் ஆளுக்கு அதைத் திறந்து பார்க்க வழியில்லை. அதனால் இறந்தவர்கள் தானம் செய்த காது எலும்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 2006-இல் வந்த அறிக்கைப்படி, இரண்டாம் வகை நீரிழிவு இருந்தவர்களின் காக்ளியாவில் நாளச் சுவர்கள் தடித்திருந்தன, ஸ்ட்ரையா சுருங்கியிருந்தது, அடிச்சுற்றில் வெளிவரிசைச் செல்கள் குறைந்திருந்தன. 'காசு' 'காது' ஆவதற்குக் காரணம் அந்தக் கண்ணாடித் தகட்டில் இருக்கிறது.

இதன் மேல் இரைச்சலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நெய்வேலிச் சுரங்க இயந்திரங்களின் பக்கத்திலோ, கடலூர் சிப்காட்டின் கம்ப்ரசர் அறைகளிலோ எட்டு மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு இந்திய விதிகள் அனுமதிக்கும் உச்சம் 90 டெசிபல். ரத்த ஓட்டம் குன்றிய காது அந்த அடியிலிருந்து தேறி எழுவது கடினம். சிறுநீரகம் கெட்ட நோயாளிக்குத் தரப்படும் ஃப்ரூசமைடு ஊசியும், ஜென்டாமைசின், அமிக்கசின் போன்ற மருந்துகளும் காதை நேரடியாகத் தாக்கக்கூடியவை. இந்த ஊசி போடும் முன் "காது எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் அது நல்ல வார்டு.

எல்லாச் சர்க்கரைக் காதும் ஒன்றல்ல. ஒரு சிறு கூட்டத்துக்கு இரண்டு நோயும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபணுச் சரடு உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதன் 3243-ஆவது இடத்தில் ஓரெழுத்து மாறினால் கணையமும் காதும் சேர்ந்து பலவீனப்படுகின்றன. 1992-இல் இது கண்டறியப்பட்டது. சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் வரை இந்த வகையாக இருக்கலாம் என்பது மதிப்பீடு. அடையாளம் கொஞ்சம் தெளிவானது: ஒல்லியான உடல், இளம் அல்லது நடுவயதில் சர்க்கரை, அதற்கு முன்போ பின்போ காது மந்தம், அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் இதே இரண்டும். தாய்மாமனுக்கு இருக்கும், ஆனால் மாமன் பிள்ளைகளுக்கு வராது. இந்தக் குடும்பக் கதையை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரைக்கு முதல் மாத்திரையான மெட்ஃபார்மினை இவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு.

இனி ஆபத்தான ஒன்று. இதில் மெதுவாக என்ற பேச்சே இல்லை.

ஈஸிசேரில் உட்கார்ந்து தீக்குச்சியாலோ, ஊக்காலோ, வண்டிச் சாவியாலோ, கோழி இறகாலோ காதைக் குடைவது நம் ஊரில் ஓய்வின் இலக்கணம். சர்க்கரை இல்லாதவருக்குச் சிராய்ப்போடு போகும். சர்க்கரை கட்டுப்படாத பெரியவருக்கு அந்தச் சிராய்ப்பு வழியாகச் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உள்ளே இறங்கும். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த கடலோரம் அதற்குப் பிடித்த இடம். நோய் எதிர்ப்பு குன்றிய, ரத்தம் சரியாகப் போகாத தோலைத் தாண்டிக் குருத்தெலும்பு, பிறகு மண்டையோட்டின் அடிப்பகுதி. 1968-இல் அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் இதற்குப் 'புற்றுத்தன்மை கொண்ட வெளிக்காது அழற்சி' என்று பெயர் வைத்தார். புற்றுநோய் அல்ல, ஆளைக் கொன்ற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். இதன் முத்திரை இரவு வலி. காதைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லாதது போலத் தெரியும், ஆனால் வலி தூக்கத்தை அடித்து எழுப்பும். தாடையை அசைத்தால் கூடும். காதுக் குழாயின் தரையில் சிவந்த சதை முளைத்திருக்கும். முகம் ஒரு பக்கம் கோணினால் நோய் நரம்பைத் தொட்டுவிட்டது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டு மூன்று வாரம் காத்திருக்கும் வீடுகளில்தான் இது முற்றுகிறது. சரியான மருந்தை வாரக்கணக்கில் தொடர்ந்தால் இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர் காதழுக்கு எடுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லவும் கூடாது. அதுவும் இந்த நோய்க்குத் தெரிந்த வாசல்.

இன்னொன்று திடீர் மந்தம். காலையில் எழுந்தால் ஒரு காது அடைத்தது போலிருக்கும், 'ங்ங்' என்று இரையும். சளி, அழுக்கு என்று ஒரு வாரம் விட்டுவிடுவார்கள். நரம்பு வழி திடீர் மந்தமாக இருந்தால் ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தந்தால்தான் பலன் அதிகம். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை எகிற வைக்கும் என்று பயப்படுபவர்களுக்குச் செவிப்பறை வழியே நடுக்காதில் போடும் ஊசி இருக்கிறது. உடம்பின் சர்க்கரையை அது அதிகம் அசைக்காது.

காக்ளியாவை ஒட்டிய வீட்டிலேயே சமநிலை உறுப்பும் குடியிருக்கிறது, அதே ரத்தக் குழாயை நம்பி. 2009-இல் வந்த அமெரிக்கக் கணக்கில், சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த உறுப்பு தடுமாறும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. உணர்ச்சி குறைந்த பாதம், மங்கிய கண், தடுமாறும் உட்காது மூன்றும் சேர்ந்தால் இரவில் பாத்ரூம் போகும் வழியில் விழுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கெட்ட காதைச் சர்க்கரைக் கட்டுப்பாடு திரும்பக் கொடுக்குமா? கொடுக்கும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். செத்த மயிரிழைச் செல் வராது. மேலும் கெடுவதைத் தள்ளிப்போடலாம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கு முதலில் காது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஆடியோகிராம் எடுக்க அரை மணி நேரம் போதும். ஒலிபுகா அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை வரும் 'பீப்' கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டாம், பட்டினி வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்கலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி நூல் காது மந்தத்தைச் சர்க்கரையோடு சேர்ந்து வரும் நோய்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. என் யோசனை எளிது: சர்க்கரை என்று தெரிந்த வருடமே ஒரு ஆடியோகிராம் எடுத்து, விழித்திரை அறிக்கையோடு அதே பிளாஸ்டிக் கவரில் போட்டுவையுங்கள். 4,000-க்கு மேல் கோடு சரிந்திருந்தால் அடுத்த வருடமும் எடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வருபவர்கள் ஏற்கெனவே பல கேள்விகள் கேட்கிறார்கள். "போன்ல பேசறது புரியுதாம்மா? டிவி சத்தம் அதிகமா வைக்கறீங்கன்னு வீட்ல சொல்றாங்களா?" என்ற இரண்டையும் சேர்த்தால் செலவு ஒன்றும் இல்லை. பதிலைப் பெரியவரிடம் கேட்பதைவிட மருமகளிடம் கேட்பது உத்தமம்.

காது மெஷினுக்கு வருவோம். மூக்குக் கண்ணாடி போட்டால் படித்தவர் என்கிற ஊர், காது மெஷின் போட்டால் செவிடு என்கிறது. அதனால் பலர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவே வாங்க வழியுண்டு. சர்க்கரை உள்ளவர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காதுக்குள் செருகும் அச்சை இரவில் கழற்றித் துடைத்து, உலர வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். வியர்வையோடு இரவு முழுக்கச் செருகியே இருந்தால் காளான் பிடிக்கும், அரிக்கும், கை தானாகவே தீக்குச்சியைத் தேடும்.